வீட்டு ஒலிக்கூடம்: ரிப்பன் மைக் குறித்து வாசகர் கேள்விகள்

வீட்டிலேயே பாட்டும் வாத்தியமும் பதிவு செய்பவர்கள் மைக் தேர்வு பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி, மெல்லிய உலோகப் பட்டையின் அசைவால் ஒலியை வாங்கும் ரிப்பன் மைக்கைப் பற்றியே இருந்தன. புதுச்சேரியிலிருந்தும் கடலூர் வட்டாரத்திலிருந்தும் எழுதியவர்களுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வீட்டில் கர்நாடக இசை சொல்லிக் கொடுக்கிறேன். மாணவிகள் பாடுவதைக் கண்டென்சர் மைக் (மின்சாரம் பெற்று இயங்கி, மெல்லிய ஒலியையும் வாங்கும் வகை) ஒன்றில் பதிவு செய்து பெற்றோருக்கு அனுப்புவது வழக்கம். மேல் ஸ்தாயியில் குரல் காதைக் குத்துகிறது; ச, ஷ எழுத்துகள் சீறுகின்றன. ரிப்பன் மைக் வாங்கினால் இது தீருமா?
இசை ஆசிரியை, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஓரளவு தீரும், அம்மா. ஆனால் அந்தக் குத்தல் மைக்கிலிருந்து வருகிறதா, அறையிலிருந்து வருகிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பிரித்தறிந்துகொள்வது நல்லது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கண்ணாடி ஜன்னலும் உள்ள அறையில் கூர்மையான ஒலிகளை உறிஞ்சுவதற்கு எதுவுமே இருக்காது. குறைந்த விலைக் கண்டென்சர் மைக்குகள் பலவற்றில், 8,000 முதல் 12,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி சற்றுத் தூக்கலாகவே அமைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் நல்ல குரல்கூடக் கண்ணாடிச் சில்லுபோல் கேட்கும். ஆகவே தரையில் ஜமுக்காளம் விரித்து, பாடுபவரின் முதுகுப்புறம் கனமான இரண்டு போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டு, இப்போதுள்ள மைக்கையே நெற்றி உயரத்தில் வைத்துச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒரே வர்ணத்தை முன்பிருந்த நிலையிலும் இந்த நிலையிலும் பாடச் சொல்லிப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். சீறல் பெருமளவு அடங்கிவிட்டால் பணத்தைப் போர்வைக்கும் திரைச்சீலைக்கும் செலவிடுங்கள்.

அதன் பிறகும் குத்தல் மிஞ்சினால் ரிப்பன் மைக் பொருத்தமான மருந்துதான். அதற்குள் இருப்பது ஏறத்தாழ 2 மைக்ரான் தடிமனே உள்ள, நெளிநெளியாக மடிக்கப்பட்ட ஓர் அலுமினியப் பட்டை. அது வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தளர்வாகத் தொங்குகிறது. ஒலி வரும்போது காற்றோடு சேர்ந்து பட்டையும் அசைகிறது; காந்தப்புலத்துக்குள் அசைவதால் அந்தப் பட்டையிலேயே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது; மைக்கின் அடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. இறுக்கமாகக் கட்டப்பட்ட மற்ற மைக் திரைகளுக்கு ஒத்ததிர்வு (திரை தானாகவே மிகுந்து அதிரும் இடம்) மேல் பகுதியில் எங்கேனும் தலைகாட்டும். ரிப்பனுக்கோ அது காதுக்குக் கேட்கும் எல்லையின் அடிமட்டத்தில் இருப்பதால், மேல் பகுதியில் முட்டும் மேடு எதுவும் இல்லாமல் ஒலி சீராக இறங்குகிறது. பெரும்பாலான ரிப்பன் மைக்குகளில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்த இறக்கம் தெளிவாகவே தெரியும். மேல் பகுதி மங்கலாகத் தோன்றினால் பதிவுக்குப் பின் ஈக்யூவில் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 3 முதல் 6 டெசிபல் வரை தூக்கிக் கொள்ளலாம். தூக்கினாலும் குரல் கரகரப்பதில்லை. என்னைக் கவர்ந்த முதல் குணம் இதுதான்.

தூரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். ரிப்பன் மைக்குக்கு அருகே செல்லச் செல்லக் கீழ் ஸ்தாயி பருத்துக்கொண்டே போகும். கண்டென்சருக்கு நான்கைந்து அங்குலத்தில் நின்று பாடிய பழக்கத்தை விட்டு, ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நடுவில் பாப் ஃபில்டர் (வாயிலிருந்து வரும் காற்றைத் தடுக்கும் மெல்லிய திரை) கட்டாயம் வேண்டும். அதுவும் மைக்கை ஒட்டியிராமல் சில அங்குலம் விலகி இருக்க வேண்டும்.

கேள்வி: ரிப்பன் மைக் இரு பக்கமும் கேட்கும் என்பதால் அறையின் எதிரொலி இருமடங்காகப் பதிவாகும், வீட்டுக்கு அது ஆகாது என்று நண்பர் சொல்கிறார். என் வீடு பழைய தெரு வீடு. பதிவு செய்யும் அறை குறுகலாகவும் நீளமாகவும் இருக்கிறது. தலைக்கு மேல் மின்விசிறி வேறு.
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் நண்பர் சொல்வதை நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். கணக்கு அப்படி இல்லை. முன்னும் பின்னும் ஏற்று, பக்கவாட்டில் ஏற்காத எட்டு வடிவ மைக், அறையில் எல்லாத் திசையிலிருந்தும் பரவி வரும் எதிரொலியில் மொத்தமாக எவ்வளவு வாங்குகிறதோ, அதே அளவைத்தான் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்கும் வாங்குகிறது. எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்கோடு ஒப்பிட்டால் இரண்டுமே மூன்றில் ஒரு பங்கை ஏற்பவை. வேறுபாடு, எந்தத் திசையிலிருந்து ஏற்கின்றன என்பதில் இருக்கிறது.

எட்டு வடிவ மைக்கின் கேளாப் பக்கத்தைப் பலர் இடம், வலம் என்ற இரண்டு புள்ளிகளாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அது மைக்கைச் சுற்றி வளையமாக ஓடுகிறது: இடம், வலம், நேர் மேல், நேர் கீழ் ஆகிய நான்கும் அந்த வளையத்துக்குள் அடங்கும். ரிப்பன் மைக் வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகளில் இதற்கே முதலிடம் தருவேன். முன்முகத்திலிருந்து 30 பாகை விலகி நின்று பாடினாலும் ஏறத்தாழ ஒரு டெசிபல்தான் குறையும். கேளாப் பக்கமோ மிகக் குறுகலானது, சில பாகை விலகினாலும் ஒலி உள்ளே வந்துவிடும். எனவே முன்முகத்தைக் குறிபார்ப்பதில் செலவிடும் கவனத்தைவிடக் கேளாப் பக்கத்தைக் குறிபார்ப்பதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். வேண்டாத ஒலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். அந்தத் திசைக்குக் கேளாப் பக்கத்தைக் காட்டுங்கள். பாடுபவரை அதற்கேற்ப நிறுத்துங்கள்.

உங்கள் அறையில் அருகிலுள்ள இரண்டு நீளச் சுவர்களும் மைக்கின் பக்கவாட்டில் இருக்கட்டும். அறையின் நீளவாக்கில் மைக் பார்க்கட்டும். பாடுபவருக்குப் பின்னாலும், மைக்கின் மறுமுகத்துக்கு எதிரேயும் போர்வை தொங்கினால் போதும். மறுமுகத்துக்கும் அதன் எதிர்ச் சுவருக்கும் மூன்றடிக்குக் குறையாத இடைவெளி இருந்தால் நல்லது. ஓர் இலவம்பஞ்சு மெத்தையை அந்தச் சுவரில் சாய்த்து வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். அறையின் மூலையை மட்டும் தவிருங்கள்.

விசிறியைப் பொறுத்தவரை, அது நேர் மேலே இருந்தால் அதன் இரைச்சல் கேளாப் பக்கத்தில்தான் விழும். ஆனாலும் பதிவின்போது அதை நிறுத்திவிடுங்கள். அதன் காற்று பட்டையை ஆட்டும். அது கடகடவென்ற அடியொலியாகப் பதிவாகும். வேகமாக வீசினால் பட்டையே தளர்ந்து போகலாம். ஏ.சி. இருந்தால் அதன் காற்று மைக்கைத் தொடாத இடத்தில் மைக்கை வைத்து, இயந்திரம் இருக்கும் திசைக்குக் கேளாப் பக்கத்தைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: ரிப்பன் மைக் வாங்கி இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) இணைத்தேன். ஒலியைப் பெருக்கும் கெயினை முழுவதும் திருப்பியும் மீட்டர் பாதிகூட ஏறவில்லை. கணினியில் ஒலியை உயர்த்தினால் ஸ்ஸ் என்ற இரைச்சலும் சேர்ந்து வருகிறது. மைக் பழுதா?
மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மைக் நன்றாகவே இருக்கும். தன் வேலைக்கு வெளி மின்சாரம் எதையும் வாங்காத ரிப்பன் மைக்குகளின் இயல்பு அது. பலரும் அறிந்த பேயர்டைனமிக் எம் 160 மைக், ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1 மில்லிவோல்ட் மட்டுமே தரும். சாதாரணக் கண்டென்சர் மைக்குகள் அதே ஒலிக்கு 10 முதல் 30 மில்லிவோல்ட் வரை தரக்கூடியவை. அந்த இடைவெளி ஏறத்தாழ 20 முதல் 30 டெசிபல். அதை நிரப்ப வேண்டியது இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் என்ற பெருக்கி. மெல்லிய குரலையோ வீணையையோ ரிப்பனில் பதிவு செய்ய 60 முதல் 70 டெசிபல் வரை கெயின் தேவைப்படும். வீடுகளில் அதிகம் காணப்படும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறைக் கருவியில் 56 டெசிபல்தான் உண்டு. நான்காம் தலைமுறையில் அது 69 ஆக உயர்ந்தது. உங்கள் கருவியின் விவரத் தாளில் இந்த எண்ணை முதலில் பாருங்கள்.

கெயின் போதாதென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே சிறிய பூஸ்டர் ஒன்றை இணைப்பது. கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 போன்றவை 25 டெசிபல் வரை கூட்டித் தரும்; தாம் இயங்க இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் பேண்டம் பவரை (மைக் கேபிள் வழியே அனுப்பப்படும் மின்சாரம்) எடுத்துக்கொண்டு, மைக்கை நோக்கி அதை விடாமல் தடுத்துவிடும். பூஸ்டரைக் கழற்றும்போது அந்த 48 வோல்ட் பொத்தானை அணைத்துவிட்டீர்களா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். மற்றொன்று, அவ்வளவாக யாரும் சொல்லாதது: 24 பிட்டில் பதிவு செய்தால் மீட்டர் பாதி ஏறாததைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. உச்சம் -25 டெசிபலில் நின்றாலும், ப்ரீஆம்ப் அமைதியானதாக இருந்தால், பின்னர் கணினியில் உயர்த்தும்போது எதுவும் கெடாது. உங்களுக்குக் கேட்கும் இரைச்சல் ப்ரீஆம்ப் தன் கடைசி எல்லையில் எழுப்புவதாக இருக்கலாம். கெயினை முழு எல்லையிலிருந்து சற்றுக் குறைத்து வைத்துப் பதிவு செய்து, கணினியில் உயர்த்தி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில கருவிகளில் கடைசித் திருப்பத்தில்தான் இரைச்சல் திடீரென்று பெருகும். இதைச் சோதித்த பிறகு பூஸ்டர் வாங்குவதா என்று முடிவு செய்யலாம்.

கேள்வி: பேண்டம் பவரைத் தவறுதலாகப் போட்டாலே ரிப்பன் மைக் எரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: கேபிள் நல்லதாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்த நம்பிக்கையில் மைக்கைப் பணயம் வைக்க வேண்டாம். மைக் கேபிளின் மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர் இணைப்பின் 2, 3 ஆகிய இரண்டு முனைகளுக்கும் 48 வோல்ட் சமமாகவே செல்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச்சுருள் அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், சமமாக உள்ளவரை அதில் மின்னோட்டம் ஓடாது. கேபிளுக்குள் ஒரு கம்பி கவசத்தோடு ஒட்டிக்கொண்டாலோ, ஒரு முனை முன்னதாகவும் மற்றது பின்னதாகவும் தொட்டாலோ, சமநிலை குலைந்து ஏறத்தாழ 7 மில்லியாம்பியர் வரை சுருளின் வழியே ஓடும். அந்த அதிர்ச்சி டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிப் பட்டையைத் தாக்கும்போது பட்டை இழுபட்டுத் தன் இடம் மாறிவிடலாம், அறுந்தும் போகலாம். ஜாக் வகைப் பேட்ச்பே (பல கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகும் இணைப்புப் பலகை) வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். செருகும் போதெல்லாம் முனைகள் ஒன்றையொன்று உரசிச் செல்லும்.

48 வோல்ட்டை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, பிறகு மைக்கைச் செருகுங்கள். ஒரே பொத்தான் இரண்டு இன்புட்டுக்கும் பேண்டம் பவர் தரும் இன்டர்ஃபேஸ்கள் உண்டு. அப்படிப்பட்ட கருவியில் கண்டென்சரையும் ரிப்பனையும் ஒரே நேரத்தில் இணைக்க வேண்டியிருந்தால், ரிப்பனுக்கு முன்னால் பூஸ்டர் இருப்பது பாதுகாப்பு. உள்ளேயே பெருக்கி வைத்து, ஆக்டிவ் ரிப்பன் என்று விற்கப்படும் வகைக்கோ 48 வோல்ட் கட்டாயம் தேவை. அது இல்லாமல் அவை ஒலி தராது.

கேள்வி: எங்கள் குடும்பம் பரம்பரையாக நாகஸ்வரம், தவில் வாசிப்பது. அப்பாவின் வாசிப்பை வீட்டிலேயே நன்றாகப் பதிவு செய்து வைக்க ஆசை. இதுவரை செய்த பதிவுகளில் நாகஸ்வரம் கிறீச்சிடுகிறது. ரிப்பன் மைக் அந்தச் சத்தத்தைத் தாங்குமா? தவிலுக்கும் அதையே வைக்கலாமா?
வில்லியனூர், புதுச்சேரி

பதில்: இந்தக் கடிதத்துக்கு விரிவாகவே எழுத விரும்புகிறேன். ரிப்பன் மைக்கின் தன்மை முழுமையாகப் பயன்படும் இடம் நாகஸ்வரம் என்பது என் உறுதியான கருத்து. மேல்நாட்டில் டிரம்பெட், டிராம்போன் போன்ற ஊதுகருவிகளுக்கு நெடுங்காலமாக ரிப்பனைத் தேடி வைப்பது எந்தக் காரணத்துக்காகவோ, அதே காரணம் நாகஸ்வரத்துக்கும் பொருந்தும்: மேல் பகுதியில் அடர்த்தியாக நிறைந்திருக்கும் ஒலியை அது முரட்டுத்தனமாக்காமல் வாங்கிக்கொள்ளும்.

உரத்த ஒலியை ரிப்பன் தாங்கும். ராயர் ஆர்-121 போன்ற மைக்கின் தாங்கு எல்லை 135 டெசிபல் என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். பட்டை தாங்காதது காற்றின் வீச்சை. ஆகவே மேடைகளில் செய்வதுபோல் அணசின் (நாகஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதி) வாய்க்கு நேரே மைக்கை வைத்துவிடக் கூடாது. அணசுக்கு முன்னால் வைப்பது ஒலித்தரத்துக்கும் நல்லதன்று. நாகஸ்வரத்தின் ஒலி உலவு எனப்படும் குழலின் துளைகளிலிருந்தும் வருகிறது, அணசிலிருந்து வருவது அதன் ஒரு பகுதிதான். அப்பா வழக்கமாக உட்கார்ந்து வாசிக்கும் நிலையிலேயே வாசிக்கட்டும். மைக்கை நான்கைந்து அடி தள்ளி, உலவின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி, அணசு சுட்டும் கோட்டிலிருந்து விலக்கி வையுங்கள். சீவாளியின் காற்றொலி அதிகம் கேட்டால் மைக்கைச் சற்றுக் கீழிறக்குங்கள். கமகங்களின் நுணுக்கம் குறைந்தால் ஓரடி முன்னே கொண்டு வாருங்கள். அப்பா வாசித்துக்கொண்டே அணசை உயர்த்தித் திருப்புவாரானால் அதைத் தடுக்க வேண்டாம். நான்கடித் தொலைவில் அந்த அசைவு ஒலியில் உயிராகவே வந்து சேரும்.

தவிலுக்கு அருகில் ரிப்பனை வைக்காதீர்கள். தவிலின் வலந்தலையில் (வலப்பக்கம்) கூடு மாட்டிய விரல்கள் விழும்போதும், தொப்பியில் (இடப்பக்கம்) கழி விழும்போதும் தோலிலிருந்து கிளம்பும் காற்று பட்டையை நேராகத் தாக்கும். மூன்றடிக்குக் குறையாத தூரமும், மைக்கின் முகம் சற்றுச் சாய்ந்த கோணமும் வேண்டும். நெருக்கமாக வைக்கத்தான் வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு, காற்றடியைத் தாங்கும் உறுதியான டைனமிக் மைக்கே ஏற்றது.

உங்களிடம் ஒரே ரிப்பன் மைக் இருந்தால் அதன் இரண்டு முகங்களையும் பயன்படுத்தலாம். ஒரு முகத்துக்கு எதிரே நான்கைந்து அடியில் நாகஸ்வரம். மறுமுகத்துக்கு எதிரே ஏழெட்டு அடியில் தவில். இரண்டுக்கும் உள்ள அளவைக் கணினியில் பின்னர் மாற்ற முடியாது என்பதால், முன்கூட்டியே ஒரு கீர்த்தனையின் பல்லவியை மட்டும் வாசிக்கச் சொல்லி, ஹெட்ஃபோனில் கேட்டு, தவிலை அரையடி அரையடியாக நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். இப்படிப் பதிவு செய்த இசையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கும் கலகலப்பு தெரியும். தனித்தனி மைக் வைத்துக் கலக்கும்போது அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. தாளம் போடுபவரையும் சுருதிப் பெட்டியையும் மைக்கின் பக்கவாட்டில் வைத்துவிடாதீர்கள், பதிவில் மங்கிப் போகும். நாகஸ்வரத்தின் பின்னால் சற்றுத் தள்ளி வைத்தால் போதும். டைல்ஸ் போட்ட சிறிய அறையைவிட, ஓடு வேய்ந்த கூடமோ பெரிய வரவேற்பறையோ இதற்கு உகந்தது. கூடத்தில் காற்று வீசாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிலுக்குத் தனியாக டைனமிக் மைக் ஒன்றும் சேர்ப்பதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிப்பனின் மறுமுகத்தில் விழும் ஒலி தலைகீழ் அலையாகவே பதிவாகும். அது தனியாக இருக்கும்போது காதுக்குத் தெரியாது. டைனமிக் மைக்கின் பதிவோடு சேர்க்கும்போது தவிலின் கனம் காணாமல் போகக்கூடும். மென்பொருளில் ஒரு பதிவின் பொலாரிட்டியை (அலையின் மேல்-கீழ்த் திசை) திருப்பிக் கேட்டு, எதில் தவில் கனமாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தெருக்கூத்துக் குழுவில் முகவீணை என்ற சிறிய ஊதுகருவி வாசிக்கிறேன். இரவில் ஊர்ப் பொதுவிடத்தில் நடக்கும் கூத்தை ரிப்பன் மைக்கில் பதிவு செய்யலாமா?
பண்ருட்டி அருகில் உள்ள ஒரு சிற்றூர்

பதில்: வெட்டவெளியில் வேண்டாம். இரவில் காற்று ஒருமுறை எழுந்தாலே பட்டைக்குக் கேடு. கூட்டத்தில் யாராவது மைக்கை ஊதிப் பார்த்தால் அதைவிடக் கேடு. கூத்தை டைனமிக் மைக்குகளில் பதிவு செய்யுங்கள். முகவீணையின் ஒலி நாகஸ்வரத்தைவிடச் சிறுத்து, உயர்ந்து, கூர்மையாக இருப்பதால், பாட்டுகளை மட்டும் ஒருநாள் வீட்டுக்குள் உட்கார்ந்து பதிவு செய்ய முடியுமானால் ரிப்பனை ஐந்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். ஹார்மோனியமும் மிருதங்கமும் ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம் என்று அமர்ந்தால் ஒரு மைக்கே போதும்.

கேள்வி: நான் வீணை வாசித்துக்கொண்டே பாடுகிறவள். குரலையும் வீணையையும் தனித்தனியே பதிவு செய்தால் பாவம் போய்விடுகிறது. சேர்ந்து பதிவு செய்தால் ஒன்றை மாற்றும்போது மற்றதும் மாறுகிறது. என்னிடம் ஒரு கண்டென்சர் மைக் இருக்கிறது. ரிப்பன் வாங்கினால் உதவுமா?
அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: ரிப்பன் வாங்குவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணங்களில் இது மிகச் சிறந்தது, அம்மா. முன்னே சொன்ன கேளாப் பக்கம் உங்களுக்காகவே இருக்கிறது. குரலுக்கு ரிப்பனையும் வீணைக்குக் கண்டென்சரையும் வையுங்கள். ரிப்பன் மைக் உங்கள் வாய்க்கு ஒன்றரை அடி முன்னால், கழுத்து உயரத்தில், முகம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கட்டும். அப்படிச் சாய்க்கும்போது மைக்கின் அடிப்புறம் உங்கள் மடிப்பக்கம் திரும்பி வீணையைச் சுட்டும். அடிப்புறம் கேளாப் பக்கமாதலால் வீணை அதில் வெகுவாகக் குறையும்.

சரியான கோணத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உதவிக்கு ஒருவரை அமர்த்தி, நீங்கள் பாடாமல் வீணையை மட்டும் வாசியுங்கள்; அவர் ஹெட்ஃபோனில் ரிப்பனை மட்டும் கேட்டுக்கொண்டே மைக்கைச் சிறிது சிறிதாகச் சாய்க்கட்டும். ஓரிடத்தில் வீணை சட்டென்று பின்வாங்கும். அங்கே ஸ்டாண்டை இறுக்கிவிடுங்கள். வாய் மைக்கின் நேர் நடுவில் இல்லையே என்று தோன்றினாலும் பொருட்படுத்த வேண்டாம். குரலில் குறைவது காதுக்குத் தெரியாத அளவுதான். சுவரில் பட்டுத் திரும்பும் வீணையொலி கொஞ்சம் இருக்கவே செய்யும். போர்வைகள் இருந்தால் அதுவும் அடங்கும்.

வீணைக்கான கண்டென்சரைக் குடத்துக்கும் மெட்டுகளுக்கும் நடுவில் ஒன்றரை அடி தள்ளி வைத்து, அதன் முதுகு உங்கள் வாயைப் பார்க்கும்படி திருப்புங்கள். பின்னாளில் இன்னொரு ரிப்பன் கிடைத்தால் வீணைக்கும் அதையே வைத்து, அதன் மேற்புறத்தை வாய்க்குக் காட்டலாம். குரலுக்கும் வீணைக்கும் அதைவிட நல்ல பிரிவை ஒரே அறைக்குள் பெறுவது கடினம்.

கேள்வி: மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் பதிவு செய்தால் ரிப்பன் மைக்கில் 'ம்ம்ம்' என்ற ஒலி வருகிறது. கண்டென்சரில் அது இல்லை.
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ரிப்பனும் அதன் டிரான்ஸ்ஃபார்மரும் அருகிலுள்ள காந்தப்புலத்தை எளிதில் பிடித்துவிடும், அதன்மேல் கெயினும் நிறையத் தருகிறோம். இன்வெர்ட்டர், யூ.பி.எஸ், பழைய டியூப் லைட்டின் சோக், கிடார் ஆம்ப், லேப்டாப் அடாப்டர் ஆகியவை அந்தப் புலத்தை உண்டாக்குபவை. மைக்கை அவற்றிலிருந்து ஆறேழு அடி விலக்குங்கள். பிறகு மைக்கை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் ஒலி மிகக் குறைந்துவிடும். மைக் கேபிளையும் மின்கம்பியையும் இணையாக ஓடவிடாதீர்கள். குறுக்கே கடந்தால் பாதகமில்லை. லேப்டாப்பை அடாப்டர் இல்லாமல் அதன் பேட்டரியில் ஓட்டியும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு. கண்டென்சர் மைக் மழைக்காலத்தில் படபடவென்று வெடிக்கிறது. ரிப்பனுக்கு அந்தத் தொல்லை உண்டா?
தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அந்த வெடிப்பு ரிப்பனில் வராது. கண்டென்சர் மைக்கின் உள்ளே மின்தடை மிக உயர்ந்த பகுதி ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரம் அதன்மேல் படியும்போது மின்னூட்டம் கசிந்து படபடக்கிறது. ரிப்பன் மின்தடை மிகக் குறைந்த பொருள் ஆதலால் ஈரத்தால் அப்படிக் கசிவதற்கு இடமில்லை. ஆனால் உப்புக்காற்று வேறு. அலுமினியத்தை உப்பு அரிக்கும், எக்ஸ்.எல்.ஆர் முனைகளையும் அரிக்கும். கடற்காற்று வரும் ஜன்னலோரம் மைக்கை ஸ்டாண்டில் விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துணியுறை போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பெட்டியில் வைத்து, பெட்டியை மைக் நிமிர்ந்திருக்கும் வாக்கில் நிறுத்தி வையுங்கள். மாதக்கணக்கில் படுத்தே இருந்தால் பட்டை தன் எடையால் தொய்யும். பெட்டியின் மூடியைப் படீரென்று மூடினாலும் உள்ளே காற்று அழுத்தி அதே கேடு வரும். இரும்புத்தூள் பறக்கும் பட்டறை அருகில் இருந்தால் மைக்கை அங்கே திறக்கவே வேண்டாம். காந்தம் தூளை இழுத்துக்கொண்டால் அதை எடுப்பது கடினம்.

கேள்வி: எந்த வகை வாங்கலாம்? ஒருவர் பயன்படுத்திய ரிப்பன் மைக்கைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார், எப்படிச் சோதிப்பது?
முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்களிடம் வேறு மைக்கே இல்லையென்றால் முதலில் ஒரு நல்ல டைனமிக் மைக் வாங்குங்கள்; ரிப்பன் இரண்டாவது மைக்காக இருக்கட்டும். ஏற்கெனவே ஒன்று இருந்து, இன்டர்ஃபேஸில் 60 டெசிபலுக்கு மேல் கெயினும் இருந்தால், எட்டு வடிவ ஏற்புள்ள சாதாரண ரிப்பனே போதும். கெயின் குறைவாக இருந்து பூஸ்டரும் வாங்க வேண்டிய நிலையில், இரண்டின் விலையையும் கூட்டி ஓர் ஆக்டிவ் ரிப்பனின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறையைச் சீர்செய்யவே வழியில்லை, பின்னால் வரும் ஒலியைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு 1957 முதல் விற்பனையில் இருக்கும் எம் 160 பொருத்தம். இரட்டைப் பட்டை கொண்ட அது, ரிப்பன்களில் அரிதாக ஒரு பக்கத்தையே முதன்மையாகக் கேட்கிறது. பி.பி.சி. வடிவமைத்த கோல்ஸ் 4038-ஐ வானொலி நிலையங்கள் கொண்டாடியதைக் கேள்விப்பட்டு அதையே தேடுவோர் உண்டு. அது உயர்ந்த மைக்தான். ஆனால் கனமானது, கெயின் இன்னும் அதிகம் கேட்பது, வீட்டு ஸ்டாண்டும் இன்டர்ஃபேஸும் அதற்கு ஈடுகொடுப்பது அரிது.

பழைய மைக்கைச் சோதிக்கும்போது அதை ஊதியும் தட்டியும் பார்க்கும் நம் ஊர் வழக்கத்தை விற்பவரும் நீங்களும் அறவே தவிர்க்க வேண்டும். இரண்டு முகத்துக்கும் எதிரே ஒரே தூரத்தில் ஒரே குரலில் பேசிப் பதிவு செய்யுங்கள். எட்டு வடிவ மைக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்க வேண்டும். ராயர் ஆர்-121 போல, பின்முகம் சற்றுத் தெளிவாகக் கேட்கும்படி வேண்டுமென்றே அமைத்த மைக்குகளும் உண்டு. அதை விவரத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று பேசினால் குரல் நன்றாகக் குறைய வேண்டும். தம்பூராவின் மந்தரத் தந்தியையோ ஹார்மோனியத்தின் கீழ்க்கட்டையையோ ஒலிக்கச் செய்து, உர்உர் என்ற உரசல் வருகிறதா என்று கேளுங்கள். உரசல் வந்தால் பட்டை தொய்ந்து காந்த முனையைத் தொடுகிறது என்று பொருள். வழக்கத்துக்கு மாறாக ஒலி மிக மெலிந்து, அடியொலி அறவே இல்லாமல் இருந்தாலும் பட்டையில் கோளாறு இருக்கலாம். மல்ட்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்து பார்க்க வேண்டாம். அது செலுத்தும் மின்னோட்டம் பட்டையை இழுத்துவிடக்கூடும். பட்டை கெட்டிருந்தாலும் மைக் வீணாகிவிடாது, புதிய பட்டை பொருத்த முடியும். அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேசுங்கள்.